காற்றுதான் நம் ஊர் மேடு

சென்ற இதழில், ராமநாதபுரத்திலிருந்து திருப்புல்லாணி, சேதுக்கரை வழியாகக் கீழக்கரை வரை நாங்கள் பன்னிரண்டு பேர் மண்பாதையிலும் கண்மாய்க் கரையிலுமாக சைக்கிளில் போய்வந்ததை எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களே இந்த மாதப் பக்கத்தை நிரப்பிவிட்டன. ஒரே கேள்வியை நாலைந்து பேர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். ஊர்ப் பெயர் மட்டும் போட்டிருக்கிறேன், யார் என்று அவரவருக்குத் தெரியும்.

கேள்வி (பரமக்குடி): ‘கிராவல் சைக்கிள்’ என்று எழுதியிருந்தீர்கள். அது என்ன தனி வகையா? என்னிடம் இருப்பது சாதாரண சைக்கிள்தான். அதில் உங்களோடு வரமுடியுமா?

கிராவல் என்ற சொல் நமக்குப் புதிதில்லை. ரோடு போடுவதற்கு முன்னால் லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டுவார்களே, அந்தச் சரளை மண்தான் கிராவல். அந்த மாதிரிப் பாதையில் ஓட்டுவதற்கென்று செய்த சைக்கிளுக்கு அதே பெயர் வந்துவிட்டது. பார்க்க ரேஸ் சைக்கிள் மாதிரி வளைந்த ஹேண்டில் இருக்கும், ஆனால் டயர் அகலம். ரோடு ரேஸ் சைக்கிளின் டயர் பெரும்பாலும் 25 முதல் 30 மி.மீ., இதில் 38 முதல் 45 மி.மீ. வரை போடுவார்கள். டிஸ்க் பிரேக் இருக்கும், மண் அப்பிக்கொண்டாலும் சக்கரம் சுற்றுவதற்கு ஃபிரேமில் இடம் விட்டிருப்பார்கள். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் 2006 முதல் 200 மைல் மண்பாதைப் போட்டி நடக்கிறது, 2022-இல் இத்தாலியில் இதற்கு முதல் உலக சாம்பியன் போட்டியே வைத்தார்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நம் தாத்தா காலத்துக் கறுப்புச் சைக்கிளின் டயரில் ‘28 × 1½’ என்று போட்டிருக்கும், பார்த்திருக்கிறீர்களா? அந்த ஒன்றரை அங்குலம் கிட்டத்தட்ட 40 மி.மீ. அதாவது இன்று பெரிய விலை கொடுத்து வாங்கும் கிராவல் டயரின் அகலம் அதில் ஏற்கெனவே இருக்கிறது. எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அந்தச் சைக்கிளில்தான் வருகிறார். கியர் கிடையாது, எதிர்க்காற்றில் கொஞ்சம் சிரமப்படுவார், ஆனால் இதுவரை ஒரு முறை கூடப் பாதியில் திரும்பியதில்லை. நீங்களும் தாராளமாக வாருங்கள். பிரேக் பிடிக்கிறதா, டயர் வெடிப்பு விடாமல் இருக்கிறதா, இந்த இரண்டை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் ஓட்டியபிறகு புதிது வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி (கீழக்கரை): அண்ணே, நான் கொடைக்கானல் மலையில் சைக்கிள் ஏறியவன். நம்ம ஊர் தட்டையான இடம்தானே என்று நம்பி ஏர்வாடி தாண்டிக் கடலோரமாகவே போனேன். 40 கிலோமீட்டரில் உயிர் போய்விட்டது. எனக்கு உடம்பில் ஏதாவது கோளாறா?

உடம்பில் ஒரு கோளாறும் இல்லை, தம்பி. நீங்கள் மேடு ஏறியிருக்கிறீர்கள், அது கண்ணுக்குத் தெரியாத மேடு, அவ்வளவுதான். மலையில் ஏறினால் இறக்கம் உண்டு, மிதிக்காமல் மூச்சு வாங்கலாம். தட்டை நிலத்தில் அந்த ஓய்வே கிடையாது, மிதிப்பதை நிறுத்தினால் வண்டி நின்றுவிடும். அதோடு காற்று. நீங்கள் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள், எதிரே 20 கி.மீ. வேகத்தில் காற்று வருகிறது என்றால் உங்கள் நெஞ்சில் படுவது 40 கி.மீ. காற்று. காற்று இரண்டு மடங்கானால் அது பிடித்து இழுப்பது நாலு மடங்கு. பாம்பன் பாலத்தில் காற்று அளவு மீறினால் ரயிலையே நிறுத்திவைக்கிறார்கள், நாம் எம்மாத்திரம்?

காற்றுப் பெரிது என்று பேசும் நெதர்லாந்துக்காரர்கள் இதற்கென்றே ஒரு போட்டி வைத்திருக்கிறார்கள். புயல் அலையைத் தடுக்கக் கடலுக்குக் குறுக்கே கட்டிய ஊஸ்டர்ஸ்கெல்டே தடுப்பணையின் மேல், பலமான புயல்காற்று வீசும் நாளாகப் பார்த்து அறிவித்து, கியர் இல்லாத சாதாரண சைக்கிளில் 8.5 கி.மீ. எதிர்க்காற்றில் ஓட்டுகிறார்கள். அவர்களுக்கும் மலை இல்லை, நமக்கும் இல்லை.

காற்றோடு மல்லுக்கட்டாமல் இருக்க வழி நம் மீனவர்களிடம் இருக்கிறது. தென்மேற்குக் காற்றான கச்சான் எப்போது, வடக்கிலிருந்து வரும் வாடை எப்போது, கிழக்கிலிருந்து வரும் கொண்டல் எப்போது என்று அவர்கள் கணக்கு வைத்துத்தான் படகைத் தள்ளுகிறார்கள். நாங்களும் அந்தக் கணக்கையே எடுத்துக்கொண்டோம். வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் தென்மேற்கிலிருந்து அடிக்கும், அப்போது நாங்கள் கீழக்கரைப் பக்கம் போவோம். போகும்போது, அதாவது உடம்பில் தெம்பு இருக்கும்போது, எதிர்க்காற்று. களைத்துத் திரும்பும்போது முதுகில் தள்ளும். மழை விட்டபிறகு தை, மாசியில் வடகிழக்குக் காற்று, அப்போது தேவிபட்டினம், உப்பூர் பக்கம். அங்கேயும் அதே கணக்கு, போகும்போது முகத்தில், வரும்போது முதுகில். நீங்கள் செய்தது இதற்கு நேர் எதிர் என்று உங்கள் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது: காலையில் காற்று தள்ளிவிட்ட சந்தோஷத்தில் தூரமாகப் போய்விட்டு, வெயில் ஏறினபிறகு அதே காற்றை எதிர்த்து வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள். இதை ஒரு முறையாவது செய்யாதவர் எங்கள் குழுவில் யாருமில்லை.

இன்னொன்று, தனியாகப் போகாதீர்கள். முன்னால் ஒருவர் காற்றை உடைத்துக்கொண்டு போனால் அவர் பின்னால் ஒட்டி வருகிறவருக்கு உழைப்பு நன்றாகவே குறையும். நாங்கள் இரண்டு நிமிடத்துக்கு ஒருவர் என்று முன்னால் மாறிக்கொள்வோம். பக்கக் காற்று என்றால் நேர்வரிசையில் போய்ப் பயனில்லை, காற்று வரும் பக்கம் முதல் ஆள், அவருக்குச் சற்றுப் பின்னால் மறுபக்கம் அடுத்த ஆள், இப்படிச் சாய்வாக நிற்க வேண்டும். ஆனால் இதெல்லாம் வண்டி இல்லாத அகலமான பாதையில்தான். கண்மாய்க் கரை மேல் ஏறிவிட்டால் சாய்வுக்கு இடமே இருக்காது, கரை உயரத்தில் காற்றும் கூடுதலாக அடிக்கும், பக்கக் காற்று வண்டியை அப்படியே சரிவுக்குத் தள்ளிவிடும். அங்கே ஒருவருக்கொருவர் இரண்டு சைக்கிள் நீளம் இடம் விடுங்கள். ரொம்ப அடித்தால் இறங்கித் தள்ளுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கேள்வி (முதுகுளத்தூர்): முள்! இதற்கு ஒரு வழி சொல்லுங்கள். ஒரே நாளில் மூன்று பஞ்சர் ஆகிப் பத்து கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே வந்தேன்.

சீமைக்கருவேலம் நம் மாவட்டத்தில் சைக்கிள்காரனுக்குப் பெரிய எதிரி, அதே சமயம் எத்தனையோ குடும்பங்களுக்குக் கரிமூட்டம் போட்டுச் சோறு போடுகிற மரமும் அதுதான். அதனால் மரத்தைத் திட்டுவதை விட்டுவிட்டு டயரைப் பார்ப்போம்.

வசதி இருந்தால் டியூப்லெஸ்ஸுக்கு மாறுங்கள். டயருக்குள் சீலன்ட் என்று பால் மாதிரி ஒரு திரவம் ஊற்றுவார்கள். முள் குத்தின ஓட்டை வழியாகக் காற்று வெளியே வரும்போது அந்தப் பாலும் வந்து ஓட்டையிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். முள்ளைப் பிடுங்கிவிட்டு, ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பி ஒரு நிமிடம் நிறுத்துங்கள், போதும். ஆனால் நம் ஊர் வெயிலில் அது சீக்கிரம் காய்ந்துவிடும். பாட்டிலில் ஆறு மாதம் என்று போட்டிருந்தாலும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை திறந்து பாருங்கள். நான் பார்க்காமல் விட்டு, உப்பூருக்கு இந்தப் பக்கம் நட்டநடுப் பொட்டலில் நின்றிருக்கிறேன், உள்ளே ரப்பர் உருண்டைதான் கிடந்தது.

டியூப் உள்ள சைக்கிள் என்றால் பழைய வழி ஒன்று இருக்கிறது, இன்றும் வேலை செய்கிறது. பழைய டியூப் ஒன்றை நீளவாக்கில் அறுத்து, டயருக்கும் நல்ல டியூபுக்கும் நடுவில் ஒரு படுகை மாதிரி வைத்துவிடுவது. வண்டி கொஞ்சம் கனக்கும், ஆனால் சின்ன முள் உள்ளே வராது. பஞ்சர் ஒட்டும்போது எல்லோரும் செய்கிற தவறு, ஓட்டையை ஒட்டிவிட்டு டியூபை அப்படியே திரும்ப மாட்டுவது. முள் டயரிலேயே ஒடிந்து நின்றிருக்கும், ஐந்து நிமிடத்தில் மறுபடி குத்தும். உங்கள் மூன்று பஞ்சரில் குறைந்தது இரண்டு, ஒரே முள்ளால் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு துணியை வைத்து டயரின் உட்புறம் முழுக்கத் தடவிப் பாருங்கள், துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே முள் இருக்கிறது. அதைப் பிடுங்கச் சின்ன இடுக்கி ஒன்று பையில் இருக்கட்டும்.

காற்றை அளவாக அடியுங்கள். கல் மாதிரி அடித்தால் பஞ்சர் ஆகாது என்று நம்புவது தவறு. 70 கிலோ எடையுள்ளவர் 40 மி.மீ. டயரில் டியூப்லெஸ் என்றால் 30 முதல் 35 பி.எஸ்.ஐ., டியூப் என்றால் 40-ஐ ஒட்டி வைத்துக்கொள்ளலாம். அப்புறம் ஒரு உள்ளூர்ச் செய்தி: முள் வெட்டி அள்ளிய இடத்தில் அடுத்த இரண்டு வாரம் போகாதீர்கள். மரம் நிற்கும்போது இருப்பதைவிட வெட்டினபிறகுதான் பாதை முழுக்க முள்.

கேள்வி (ராமநாதபுரம்): எனக்கு வயது 47. சின்ன வயதில் ஸ்கூலுக்கு சைக்கிளில் போனதோடு சரி, இப்போதுதான் மறுபடி வாங்கியிருக்கிறேன். இதற்கு முன்னால் ஒரு குழுவோடு போனேன். அரைமணி நேரத்தில் எல்லோரும் கண்ணுக்கு மறைந்துவிட்டார்கள். கருவேலங்காட்டு நடுவில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் தனியாக நின்றேன். வீட்டில் இனிமேல் போகவே கூடாது என்கிறார்கள். பெண்கள் இந்தக் குழுக்களில் வருவது சரிப்படுமா?

அக்கா, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கு இரண்டு நாள் மனசு சரியில்லை. உங்களை விட்டுப் போனவர்கள் செய்தது பெரிய தவறு, மெதுவாக ஓட்டியது உங்கள் தவறு இல்லை. நம் பாதைகளில் ஒரு கருவேலம் புதர் மாதிரியே அடுத்ததும் இருக்கும், ஒரு கரை மாதிரியே அடுத்த கரையும் இருக்கும், பல இடங்களில் போனில் சிக்னல் கிடையாது. அந்த இடத்தில் ஒரு ஆளை விட்டுவிட்டுப் போகிற கூட்டத்தைக் குழு என்றே நான் சொல்ல மாட்டேன்.

எங்களுக்கு இது முதலிலேயே தெரிந்திருந்தது என்று சொல்ல மாட்டேன். மூன்று வருடம் முன்னால் எங்கள் குழுவில் புதிதாக வந்த ஒரு பையன், கல்லூரி முதல் வருடம், பின்தங்கி, வாலிநோக்கம் பக்கம் தவறான கரையில் திரும்பிவிட்டான். நாங்கள் டீக்கடையில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தபோதுதான் ஒரு ஆள் குறைகிறது என்று தெரிந்தது. ஒன்றரை மணி நேரம் தேடினோம். உப்பளத்தில் வேலை செய்தவர்கள் அவனுக்குத் தண்ணீர் கொடுத்து நிழலில் உட்கார வைத்திருந்தார்கள். அவன் அம்மாவுக்கு நான் போன் செய்து பேசின பேச்சு இன்னும் நினைவிருக்கிறது.

அன்றிலிருந்து சில பழக்கங்கள். பாதையைத் தெரிந்த ஒருவர் கடைசி ஆளாக வருவார், அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது, அவர் யாரையும் தாண்டவும் கூடாது. பாதை பிரிகிற ஒவ்வொரு இடத்திலும் முதலில் வந்தவர்கள் நிற்பார்கள், கடைசி ஆள் முகம் தெரிந்தபிறகுதான் அடுத்த அடி. முக்கியமாக, கடைசியில் வந்து சேர்கிறவர் தண்ணீர் குடித்து, மூச்சு வாங்கி, “சரி, போகலாம்” என்று அவரே சொல்ல வேண்டும். பல குழுக்களில் என்ன நடக்கிறது என்றால், வேகமானவர்கள் பத்து நிமிடம் ஓய்வெடுத்திருப்பார்கள், மெதுவானவர் வந்து சேர்ந்ததும் கிளம்பிவிடுவார்கள், ஓய்வு யாருக்கு வேண்டுமோ அவருக்குத்தான் அது கிடைப்பதில்லை. பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை, அதற்கு மேல் ஒருவரை ஒருவர் கவனிக்க முடியவில்லை. முன்னால் போகிறவர் “பள்ளம்”, “முள்”, “ஆடு” என்று குரல் கொடுப்பார், அது கடைசி வரைக்கும் வாய்வழியாக வந்து சேர வேண்டும்.

இப்போது எங்களோடு நாலு பெண்கள் வருகிறார்கள், அதில் இரண்டு பேர் உங்கள் வயதைத் தாண்டியவர்கள். பாதையில் ஒதுங்க இடம் இல்லை என்பது அவர்கள் எடுத்துச் சொல்லும்வரை எங்கள் மண்டையில் ஏறவே இல்லை. இப்போது திருப்புல்லாணியில் ஒரு நிறுத்தம், கீழக்கரையில் ஒரு நிறுத்தம் என்று அதை வைத்தே வழியைப் போடுகிறோம். வீட்டில் தயங்குகிறார்கள் என்றால் அவர்களையும் புறப்படும் இடத்துக்கு ஒரு நாள் அழைத்து வாருங்கள், யாரோடு போகிறீர்கள் என்று நேரில் பார்க்கட்டும். முதல் தடவை 20 கி.மீ. போதும்.

கேள்வி (தொண்டி): வெயில், தண்ணீர், சாப்பாடு பற்றி எழுதவில்லையே?

விடிவதற்கு முன் கிளம்பி, பத்து மணிக்குள் திரும்பிவிட வேண்டும். சித்திரை, வைகாசியில் ஒன்பதுக்குள். மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் தண்ணீர் என்று கணக்கு வைத்து, மொத்தத்தையும் வீட்டிலிருந்தே கொண்டுவாருங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கடலோரக் கிராமங்களில் பல இடங்களில் நிலத்தடித் தண்ணீர் உப்பு. பெண்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கித் தூரத்திலிருந்து கொண்டுவருகிறார்கள், இல்லாவிட்டால் குடத்துக்குக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். நாம் போய் “கொஞ்சம் தண்ணி கொடுங்கம்மா” என்றால் இல்லை என்று சொல்ல மாட்டார்கள், அதனால்தான் கேட்கக் கூடாது.

தண்ணீர் மட்டும் குடித்தால் போதாது, வியர்வையோடு உப்பும் போகிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலைதட்டிப் போட்டுக் கலக்கிக்கொள்ளுங்கள், கடைப் பவுடருக்கு இது குறைந்ததில்லை. கிளம்பும் முன் நீராகாரம். பனை ஏறும் காலமாக இருந்தால் காலையில் இறக்கிய பதநீர், அதைவிட நல்லது இந்த உலகத்தில் இல்லை என்பது என் முடிவு. தலை சுற்றுகிறது, வெயிலிலும் உடம்பு சில்லென்று இருக்கிறது என்றால் உடனே நிழலில் உட்காருங்கள். “இன்னும் அஞ்சு கிலோமீட்டர்தான்” என்ற பேச்சே கூடாது.

கேள்வி (மண்டபம்): கடற்கரை மணலிலேயே, அலை ஓரமாக ஓட்டலாமே? வீடியோக்களில் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

ஓதம் பெரிதாக ஏறி இறங்கும் கடல்களில், வற்றின நேரத்தில் இறுகின ஈரமணல் ரோடு மாதிரி அகலமாகக் கிடக்கும், வீடியோவில் பார்ப்பது அதுதான். நம் மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவு, அந்த அகலம் நமக்குக் கிடைக்காது. அப்படியே கிடைத்தாலும் உப்புத்தண்ணீர் தெறித்துச் செயின் ஒரே வாரத்தில் துருப்பிடிக்கும். கரைவலை இழுக்கும் கயிறு மணலோடு மணலாகக் கிடக்கும். மணல்மேட்டில் அடப்பங்கொடி படர்ந்திருக்கும் இடத்தில் ஏறவே ஏறாதீர்கள், மணல் பறந்துபோகாமல் பிடித்து வைத்திருப்பது அந்தக் கொடிதான். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடும், அரிச்சல்முனைப் பக்கம் குறிப்பாக. முட்டை மணலுக்கு அடியில், மேலே எதுவும் தெரியாது.

சதுப்பு வெளி காய்ந்து கிடப்பதைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். மேலே வெள்ளையாக உப்புப் பூத்து இறுகியிருக்கும், கீழே சேறு அப்படியே இருக்கும், சக்கரம் பாதி வரை இறங்கும்.

கேள்வி (தேவிபட்டினம்): கடலோரம் ஓட்டிவந்தபிறகு சைக்கிளை எப்படிக் கழுவுவது?

அன்றைக்கே, நல்ல தண்ணீரில், ஒரு பக்கெட் போதும். ஈரத்துணியால் செயினைத் துடைத்து, காயவிட்டு, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய், பத்து நிமிடம் கழித்து வெளியே வழிவதைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் மிதமிஞ்சினால் மணல் ஒட்டி உப்புத்தாள் மாதிரித் தேய்க்கும். கேரேஜில் அடிக்கிற வேகத்தில் தண்ணீர் பீய்ச்ச வேண்டாம், பேரிங்குக்குள் போய்விடும்.

கேள்வி (வாலிநோக்கம்): நான் சைக்கிள் ஓட்டுகிறவன் இல்லை. உப்பளத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவன். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஆனால் கலர்ச் சட்டை போட்டுக்கொண்டு சைக்கிள் கூட்டம் வருகிறது. எங்கள் வரப்பில் ஓட்டுகிறார்கள், கேட்டால் “ரோடுதானே” என்கிறார்கள். போன மாதம் மழை பெய்த மறுநாள் ஓட்டி ஒரு வரப்பே சரிந்துவிட்டது. நீங்கள் பத்திரிகையில் எழுதி ஆள் சேர்க்கிறீர்கள். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ஐயா, நீங்கள் எழுதியதற்கு முதலில் நன்றி. அந்தக் கூட்டம் நாங்கள் இல்லை என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை, ஏனென்றால் வேறொரு இடத்தில் நாங்களும் இதையே செய்திருக்கிறோம்.

பாம்பன் பக்கம் ஒரு கிராமத்தில், குழு ஆரம்பித்த புதிதில். பாதை ஓரத்தில் பழுப்பாக ஏதோ காய்ந்து கிடந்தது, குப்பை என்று நினைத்து ஏழெட்டுப் பேர் அதன்மேலேயே ஏற்றிக்கொண்டு போய்விட்டோம். அது பெண்கள் கடலுக்குள் முங்கிப் பறித்துவந்து காயவைத்திருந்த கட்டக்கோரைப் பாசி. ஒரு அம்மா ஓடிவந்தார், கையில் கையுறைக்குப் பதிலாகத் துணி சுற்றியிருந்தார். அவர் கத்தவில்லை. “நீங்க வேடிக்கை பார்க்க வர்றீங்கப்பா, நாங்க இதைத்தான் திங்கிறோம்” என்றார். சக்கரத் தடத்தில் மணலோடு நசுங்கினதைத் தனியாகப் பொறுக்க ஆரம்பித்தார். நாங்கள் இறங்கி அவரோடு உட்கார்ந்து பொறுக்கினோம், காசு கொடுத்தோம், வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

அதனால் உங்கள் வரப்பைப் பற்றி என் வாசகர்களுக்கு வெளிப்படையாகச் சொல்கிறேன். உப்பளத்து வரப்பு ரோடு இல்லை. களிமண்ணை மிதித்து, தட்டி, கையால் கட்டினது. ஒரு பாத்தியில் ஏறின உப்பு நீர் அடுத்த பாத்திக்குப் போகாமல் அதுதான் நிறுத்தி வைக்கிறது. அது உடைந்தால் வாரக்கணக்கில் வெயிலில் இறுகின நீர் வீண். தலையில் உப்புக்கூடையோடு ஆட்கள் நடந்துவரும் வழியும் அதுதான், எதிரே சைக்கிள் வந்தால் அவர்கள் எங்கே ஒதுங்குவார்கள்? உப்பளத்துக்குள் போக வேண்டுமானால் முந்தின நாளே ஆள் அனுப்பி உரியவரிடம் கேட்க வேண்டும், அவர் காட்டுகிற வண்டிப்பாதையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம், அவ்வளவுதான்.

கண்மாய்க் கரைக்கும் இதையே சொல்வேன். ஆர்.எஸ். மங்கலம் கண்மாயை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்பார்கள், ஒரு நாரை ஒரே மூச்சில் பறந்து தாண்ட முடியாத அளவுக்கு நீளம், 48 மடை. மழையை நம்பியே வாழும் ஒரு மாவட்டத்தில் இத்தனை மைல் கரையை மண்ணால் போட்டு, தலைமுறை தலைமுறையாக மராமத்துப் பார்த்து வைத்திருக்கிறார்கள். நாம் ஓட்டுவதற்கு அத்தனை அருமையாகத் தட்டையாக இருப்பது அந்த உழைப்பால்தான். ஈரக் கரையில் சைக்கிள் போனால் சக்கரத் தடம் விழும், அடுத்த மழையில் அந்தத் தடமே ஓடையாகிக் கரையை அறுக்கும். நாங்கள் வைத்திருக்கும் கணக்கு இது: கரை மண்ணில் குதிகாலை ஊன்றித் திருப்பிப் பார்ப்போம், குழி விழுந்தால் அன்றைக்குக் கரை மேல் ஏறுவதில்லை, தார்ரோட்டிலேயே போய்வருவோம். மடைகிட்டேயும், மிஞ்சின தண்ணீர் வழியும் கலுங்குகிட்டேயும் இறங்கித் தள்ளுவோம். ஆடு மாடு எதிரே வந்தால் நாம் நிற்க வேண்டும், மேய்க்கிறவர் கை காட்டினபிறகு போகலாம். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை மாதிரிப் பறவைகள் சரணாலயமாக இருக்கும் கண்மாய்களில், கார்த்திகை முதல் மாசி வரை கூடு கட்டும் காலத்தில், கரைப் பக்கமே போவதில்லை.

ஐயா, இன்னொரு வேண்டுகோள். இந்த வருடம் உப்பெடுப்பு தொடங்கினபிறகு எங்கள் பன்னிரண்டு பேரும் ஒரு நாள் சைக்கிளை ஊரிலேயே விட்டுவிட்டு நடந்து வருகிறோம். வரப்பு எப்படிக் கட்டுவது, எதில் கால் வைக்கலாம், எதில் வைக்கக் கூடாது என்று நீங்கள் காட்ட வேண்டும். சரிந்த வரப்பை எடுத்துக்கட்ட ஆள் வேண்டுமென்றால் அதற்கும் வருகிறோம். எந்த நாள் தோது என்று பத்திரிகை முகவரிக்கே ஒரு வரி எழுதுங்கள்.

கேள்வி (ஏர்வாடி): என் மகனுக்கு 13 வயது. கூட்டி வரலாமா?

நீங்களும் கூட வந்தால் வரலாம். ஹெல்மெட் கட்டாயம். முதலில் தனுஷ்கோடி ரோட்டில் ஒரு காலை ஓட்டிப் பழக்குங்கள், தார்ரோடுதான், இரண்டு பக்கமும் கடல், பையனுக்குப் பிடித்துப்போகும். 1964 புயலில் அழிந்த ஊரின் மிச்சத்தையும் காட்டலாம். அங்கேயும் மணல் ரோட்டின்மேல் ஏறிக் கிடக்கும், அதில் பிரேக்கைச் சட்டென்று பிடிக்காமல், ஹேண்டிலைத் திருப்பாமல், நேராக மிதித்துத் தாண்டச் சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி (பலர்): அடுத்த பயணம் எப்போது, எந்த வழி?

தை இரண்டாம் ஞாயிறு, தேவிபட்டினம் வழி. ராமநாதபுரத்திலிருந்து போக வர 40 கி.மீ.க்குள், பாதி தார், பாதி மண். நவபாஷாணத்துக்கிட்டே டீ. காலை ஐந்து மணிக்கு முன்விளக்கோடு வாருங்கள், இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு உபரி டியூப், இடுக்கி. முந்தின மூன்று நாளில் மழை பெய்திருந்தால் மண்பாதை கிடையாது, தார்ரோட்டிலேயே போய்வருவோம். கடைசி ஆளாக இந்த முறை நான் வருகிறேன்.